டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ‘பேனல் போச்சு’ என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு உங்கள் பத்திரிகையோடு வந்த இணைப்பில் ‘எந்த டிவி வாங்கலாம்?’ என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். 43, 55, 65 இஞ்ச் என்று வரிசையாகப் படம், விலை எல்லாம் இருந்தது. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது, இதுதான் வாங்க நல்ல நேரம் என்றும் எழுதியிருந்தீர்கள். வாங்கின டிவி கெட்டுப்போனால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதுதான் என் தொழிலும், அதனால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நான் ராஜபாளையத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. எங்கள் வீட்டுக்கென்று வந்த முதல் டிவி, 2006இல் ஆட்சிக்கு வந்த கலைஞர் அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவி. எங்கள் வார்டுக்கு மறு வருடம் வந்தது. பன்னிரண்டு வருடம் ஓடியது. அதில் ஒரே ஒரு தடவைதான் பழுது. மெக்கானிக் எங்கள் வாசல்படியிலேயே உட்கார்ந்து பின்பக்க மூடியைக் கழற்றி, கன்டென்சர் ஒன்றை மாற்றி, சால்டரிங் புகை அடங்குவதற்குள் படத்தை வரவழைத்துவிட்டார். 180 ரூபாய். ஒரு டம்ளர் காப்பி.

பெரிய டிவி வாங்கியது 2022 தீபாவளிக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், சீரியலுக்காக வாங்கவில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டி, “அக்கா, இந்தக் கழுத்து மாதிரி வேணும்” என்பார்கள். உள்ளங்கை அளவு படத்தில் பைப்பிங் எங்கே முடிகிறது, முதுகில் முடிச்சுக் கயிறு எந்த இடத்தில் ஏறுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாலும் தெரியாது, போட்டுப் பார்த்தாலும் தெரியாது. அதையே யூடியூபில் பெரிதாகப் போட்டு நிறுத்தினால் ஊக்கு எத்தனை என்று எண்ணிவிடலாம். கல்யாணப் பெண் ஜாக்கெட்டில் ஆரி வேலையின் ஒவ்வொரு கண்ணியும் தெரியும். வீட்டுக்காரரிடம் “இது தொழிலுக்கு” என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். அவர் இதுவரைக்கும் நம்பவில்லை, அது வேறு கதை.

கடையில் 55 இஞ்ச் 41,990 ரூபாய் சொன்னார்கள். அப்போது வரி 28 சதவீதம். அதாவது அந்த விலையில் 9,185 ரூபாய் வரி. பத்து மாதத் தவணையில் எடுத்தோம்.

வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் வேலை, கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து அளந்ததுதான். அகலம் 48. உயரம் 27. எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. ஏழு இஞ்ச் அடித்துவிட்டான் என்று கடைக்குப் போன் போடப் போனேன். மகன்தான் சிரித்துக்கொண்டே டேப்பை வாங்கி மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தான். சரியாக 55. துணியை நீளம், அகலம் என்று கேட்டு வாங்கியே பழகியவளுக்கு, குறுக்களவு சொல்லி விற்கிற பொருளும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாங்கப் போகிறவர்கள் சுவரை அளந்துகொண்டு போங்கள். 55 என்றால் சுவரில் நாலு அடி அகலம் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

மாட்டவந்த பையன், வீட்டில் எல்லாரும் எங்கே உட்காருவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி படம் மாட்டுகிற உயரத்தில் துளை போட்டு மாட்டிவிட்டுப் போய்விட்டான். எங்கள் அத்தை தரையில் பாய் விரித்து உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். நாலாம் நாள் கழுத்து வலி. டேப்பை எடுத்தேன். தரையிலிருந்து திரையின் நடு 62 இஞ்ச். பாயில் உட்கார்ந்த அத்தையின் கண் 29 இஞ்ச். அப்புறம் வேறு ஆளைக் கூப்பிட்டு 17 இஞ்ச் கீழே இறக்கினோம். இதற்கு மேல் இறக்கினால் மெஷினில் உட்காருகிற எனக்குக் குனியவேண்டி வரும். பழைய துளை நாலையும் இப்போது தினசரி காலண்டர் மறைத்துக்கொண்டிருக்கிறது.

படமும் கடையில் பார்த்த மாதிரி இல்லை. கடையில் எல்லா டிவியிலும் கிளி, அருவி, பழம் என்று கண்ணைப் பறிக்கிற படம்தான் ஓடும். எங்கள் வீட்டில் ஓடுவது செட்டாப் பாக்ஸில் வருகிற சாதாரண சேனல். அந்தப் படம் 720க்கு 576 புள்ளி, என் டிவியோ 3840க்கு 2160. ஒரு புள்ளியை இருபது புள்ளியாக இழுக்கவேண்டும். சின்னப் பிள்ளை பாவாடைத் துணியில் பெரிய மனுஷிக்கு ஜாக்கெட் தைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது செய்தி வாசிக்கிறவர் முகம். ஹெச்டி சேனல் கட்டிய பிறகுதான் தெளிந்தது. அதற்கு மாதாமாதம் தனிக் காசு.

இன்னொரு கூத்து. நல்ல சினிமாவைப் போட்டால் அது சீரியல் மாதிரித் தெரிந்தது. செட் போட்டது பளிச்சென்று தெரிகிறது, கதாநாயகன் நடந்தால் வழுக்கிக்கொண்டு போகிறான். என் கண்தான் கெட்டுப்போச்சோ என்றிருந்தேன். சினிமா நொடிக்கு 24 படமாக எடுப்பது, டிவி அதற்கு நடுவில் தானாகவே படம் செய்து சொருகுகிறது, அதனால்தான் இப்படி என்று மகன் சொன்னான். டாம் குரூஸ் 2018இல் இதை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று ஊருக்கே வீடியோ போட்டிருக்கிறாராம். செட்டிங்கில் போய் அணைத்தோம், சினிமா சினிமாவாகிவிட்டது. ஆனால் அதே செட்டிங்கில் வெளிச்ச அளவு நூற்றுக்கு நூறில் இருந்ததை அன்றைக்கு யாரும் தொடவில்லை. இனி சொல்லப் போவது அதன் வினை.

போன நவம்பரில் ஒரு மழை சாயந்திரம். கரண்ட் போய் வந்தது. டிவியைப் போட்டால் குரல் வருகிறது, படம் இல்லை. மாமியார் மருமகளைத் திட்டுவது கணீரென்று கேட்கிறது, திரை மட்டும் கும்மிருட்டு. வாரண்டி ஒரு வருடம், அது முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தேன். மூன்றாம் நாள் சர்வீஸ் ஆள் வந்தார். வந்து பார்க்கவே கட்டணம் 500, வரியோடு 590. பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுக்கவே இல்லை. ரிமோட்டை வாங்கி இரண்டு தடவை அமுக்கினார், பின்பக்கம் தட்டினார். “பேனல் போச்சும்மா” என்றார். பேனல் என்றால் முன்னால் இருக்கிற திரைக் கண்ணாடி. புதுசு 31,400. “அதுக்கு புது டிவியே எடுத்துரலாம், எக்ஸ்சேஞ்ச் இருக்கு, ரெண்டாயிரம் குறைப்பாங்க” என்று அவரே யோசனையும் சொன்னார். தாளில் ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மொத்தம் ஏழு நிமிஷம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. 31,400 என்றால் எனக்கு எத்தனை லைனிங் ஜாக்கெட் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுதவில்லை, வீட்டுக்காரரும் இந்தப் பத்திரிகை படிப்பார்.

மறுநாள் ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண், தென்காசி ரோட்டுப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், ரேடியோ காலத்திலிருந்து கடை வைத்திருக்கிறார், எதற்கும் கேட்டுப் பாருங்கள் என்றாள். அவர் வந்தார். வந்ததும் செய்த முதல் காரியம், “லைட்டை அணைம்மா, கதவைச் சாத்து” என்றதுதான். டிவியைப் போட்டுவிட்டு, தன் செல்போன் டார்ச்சைத் திரைக்கு வெகு பக்கத்தில் சாய்வாகப் பிடித்தார். “இங்கே வந்து பாரு” என்றார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் விழுந்த உள்ளங்கை அகல வட்டத்துக்குள் ஒரு முகம், சாம்பல் நிறத்தில், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரிகிற மாதிரி. உதடு அசைகிறது. டார்ச்சை நகர்த்தினால் கம்மல், இன்னும் நகர்த்தினால் புடவைக் கரை. “படம் இருக்கு தாயி. வெளிச்சம்தான் இல்ல. பேனல் நல்லா இருக்கு” என்றார்.

எல்இடி டிவி என்று நாம் சொல்வதில் படத்தை வரைவது எல்இடி இல்லையாம். முன்னால் இருப்பது எல்சிடி கண்ணாடி, படம் அதில்தான். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் பட்டை பட்டையாக எல்இடி பல்பு வைத்து வெளிச்சம் அடிக்கிறார்கள். அந்தப் பட்டைக்கு பேக்லைட் ஸ்ட்ரிப் என்று பெயர். ஓஎல்இடி என்று விலை அதிகமாக வருவதில்தான் புள்ளியே எரியுமாம். நம் வீட்டில் முக்கால்வாசி இருப்பது இந்த முதல் வகை. பல்புகள் ஒன்றோடு ஒன்று தொடராகக் கோத்திருக்கும். திருவிழாவுக்குப் போடுகிற சீரியல் லைட்டில் ஒன்று போனால் அந்தச் சரமே அணைந்துவிடுகிறதல்லவா, அதே கதைதான். சில டிவியில் ஒரு சரம் போனதும் மொத்த வெளிச்சத்தையும் டிவியே நிறுத்திவிடும்.

கழற்றுவதற்கு முன்னால் பெரியவர் ஒன்று சொன்னார். “இந்தக் கண்ணாடி பப்படம் மாதிரி. எடுக்கையில விரிஞ்சா என்னால மாத்தித் தரமுடியாது. சம்மதம்னா திறக்கிறேன்.” எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. சம்மதம் என்றேன்.

கட்டிலில் கம்பளி விரித்து, மேலே வேட்டி விரித்து, டிவியைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். தூசி போகக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நான் வெட்டித் துண்டு போட்டிருந்த துணிகளையும் அடுத்த அறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார், நூல் பறக்குமாம். பின்மூடி, போர்டு எல்லாம் சரிபார்த்து, பின்னர் நிமிர்த்தி, ரப்பர் உறிஞ்சி வைத்து அவரும் உதவிக்கு வந்த பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கண்ணாடியைத் தூக்கினார்கள். மூச்சு விடாமல் நின்றேன். கண்ணாடிக்கு அடியில் வெள்ளைத் தாள் மாதிரி மூன்று விரிப்பு. அதற்கும் அடியில்தான் பட்டைகள். ஒவ்வொரு பல்பின் மேலும் குடை மாதிரி ஒரு சின்ன லென்ஸ். டெஸ்டர் முனையை ஒவ்வொன்றிலும் வைத்துக்கொண்டே போனார். எரிகிறது, எரிகிறது, எரிகிறது, இல்லை. மொத்தம் மூன்று பல்பு கருகியிருந்தது. உளுந்து அளவுதான் ஒவ்வொன்றும்.

மூன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். பழைய பல்பு மங்கியிருக்கும், புதுசு பளிச்சென்று எரியும், திரையில் திட்டுத் திட்டாகத் தெரியும், எல்லாப் பட்டையும் மாற்றுவதுதான் முறை என்றார். பழைய புடவையில் புதுத்துணி ஒட்டுப் போட்ட மாதிரி. எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. பட்டை மதுரையிலிருந்து வரவேண்டியிருந்தது, இரண்டு நாள். பட்டை 1,850, கூலி 800. ஆகமொத்தம் 2,650 ரூபாய். போகும்போது ரிமோட்டை வாங்கி வெளிச்ச அளவை நூறிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினார். “கடையில டியூப்லைட்டோட போட்டி போடறதுக்கு வெச்ச வெளிச்சம் இது. வீட்டுக்கு எதுக்கு? சூட்டுல வெந்துதான் பல்பு போகுது.” நான் காலை முதல் சாயந்திரம் வரை மெஷினோடு டிவியையும் ஓட்டுகிறவள். முழு வெளிச்சத்தில் மூன்று வருடம் எட்டு எட்டு மணி நேரம் எரிந்திருக்கிறது. டிவியின் பின்னால் 120 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு அறுபதுக்குக் கொஞ்சம் கீழே. இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே தின்றிருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்ததில் அதுவும் மிச்சம்.

31,400க்கும் 2,650க்கும் நடுவில் இருந்தது ஒரு டார்ச். அந்த சர்வீஸ் ஆளைத் திட்ட எனக்கு மனசில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு போகச் சொல்கிறார்களோ, ஸ்ட்ரிப் மாற்ற அவருக்கு அனுமதி உண்டோ இல்லையோ. ஆனால் திறந்தே பார்க்காத ஒரு பொருளுக்குப் ‘பேனல்’ என்று எழுதிக் கொடுக்க ஒரு கம்பெனி அவரை அனுப்பியிருக்கிறது, அதற்கு என்னிடம் 590 ரூபாய் வாங்கியிருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன். ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒருத்தி வந்தால், பிரித்துப் பார்க்காமலே “துணியே போச்சு, புதுசு எடு” என்று நான் சொன்னால் தெருவில் யாராவது எனக்குத் துணி கொடுப்பார்களா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன், தமிழிலேயே பேசலாம். புகார் எண் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அந்த 590 மட்டும் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. கம்பெனியிலிருந்து வேறு பதில் இல்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு பொருளைச் சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடுவது பற்றி ஆராய 2024இல் குழுவும் அமைத்தார்கள். நல்லது. அந்த மதிப்பெண் டிவிக்கும் வரவேண்டும், கடையில் என் கண்ணில் படுகிற இடத்தில் வரவேண்டும்.

என் டிவியின் மூலையில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறது. வருடத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் இழுக்கும் என்று அதில் போட்டிருக்கிறார்கள். அது ஒட்ட முடிகிறபோது பக்கத்திலேயே இன்னொன்று ஒட்டமுடியாதா? பேனல் என்ன விலை, பேக்லைட் ஸ்ட்ரிப் என்ன விலை, பவர் போர்டு என்ன விலை, எத்தனை வருடம் வரை கிடைக்கும், இந்த நாலு மட்டும் தமிழில். சர்வீஸ் ஆள் கொடுக்கிற தாளிலும், திறந்து பார்த்தாரா, எந்த உதிரிபாகம் போயிருக்கிறது என்று இருக்கட்டும். பழைய மெக்கானிக்குகளுக்கு ஒரிஜினல் ஸ்ட்ரிப்பைக் கம்பெனியே விற்கட்டும். பெரியவர் போட்டது ஒரிஜினல் கிடையாது. கேட்டால் தரமாட்டார்கள் என்றார்.

பதினான்கு இஞ்ச் டிவியை நாங்கள் பழைய சாமான்காரரிடம் போட்டது எனக்கு இப்போதும் உறுத்தல்தான். அந்தப் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறதாம், எங்கே போட்டு உடைத்தாரோ. 55 இஞ்ச் ஒன்றை உளுந்து அளவு பல்பு மூன்றுக்காக அதே தள்ளுவண்டியில் ஏற்ற இருந்தேன்.

வாசகர்களுக்கு: குரல் வந்து படம் வராவிட்டால், அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். நிழல் ஆடினால், யாரைக் கூப்பிட்டாலும் “பேக்லைட் பாருங்க” என்று நீங்களே சொல்லுங்கள். கண்ணாடி உடைந்து கோலம் போட்ட மாதிரி விரிசல் தெரிந்தால், அது பேனல்தான், அதற்கு நான் பொறுப்பில்லை.

உங்களுக்கு: அடுத்த தீபாவளிக்கு மறுபடி இணைப்பு போடும்போது, விலைக்குப் பக்கத்தில் ‘ஸ்ட்ரிப் விலை’ என்று ஒரு கட்டம் சேர்க்கவேண்டும். கம்பெனிக்காரர்களிடம் கேளுங்கள், உங்களுக்குச் சொல்வார்கள். சொல்லாத கம்பெனிக்கு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு அச்சடியுங்கள்.

கருகின பல்பு மூன்றும் என் பட்டன் டப்பாவில் இருக்கிறது. யாராவது ஜாக்கெட் தைக்க வந்து புது டிவி வாங்கப்போவதாகச் சொன்னால் எடுத்துக் காட்டுகிறேன். நேற்று ஒருத்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கே அக்கா, இதை முதுகுப்பக்கம் வெச்சுத் தைக்கலாமா?” என்று கேட்டாள்.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
ராஜபாளையம்.